வாஷிங் மெஷின் மக்கர் செய்கிறதா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று, தவழ்கிற பிள்ளை ஒன்று இருக்கிற வீட்டில் வாஷிங் மெஷின் ஒரு நாள் படுத்தாலே மறுநாள் யூனிஃபார்முக்குத் திண்டாட்டம்தான். எங்கள் வீட்டிலும் எங்கள் அடுக்குமாடியின் மற்ற வீடுகளிலும் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளைச் சரிசெய்து பழகியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. பெரும்பாலான கோளாறு ட்ரவுசர் பாக்கெட்டிலிருந்தோ ஏதோ ஒரு குட்டி விரலிலிருந்தோதான் கிளம்புகிறது. அதனால் மெக்கானிக்குக்குப் போன் போடுவதற்கு முன், யார் எதைப் போட்டார்கள், யார் எதை அழுத்தினார்கள் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு விசாரணை நடத்திவிடுங்கள்.

ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில், காசு வைக்கிற பாகம் கடைசியில். மெஷினுக்குள் கை விடும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள். அந்த நேரத்தில் தவழ்கிற பிள்ளையை வேறு யாராவது இடுப்பில் வைத்திருக்கட்டும்.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

*விளக்கே எரியவில்லை என்றால்*

அதே பிளக் பாயின்டில் இஸ்திரிப் பெட்டியையோ மிக்ஸியையோ செருகிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் மெஷின்மேல் பழி இல்லை. டிரிப் ஆன ஸ்விட்சைத் தேடுங்கள். அது ஓடி இது ஓடவில்லை என்றால் வயரைக் கண்ணால் பாருங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கிற மெஷின்களில் எலி உள்ளே போய் வயரைக் கடித்துவிடும். தரையில் எலிப் புழுக்கை கிடந்தாலே சந்தேகம் வர வேண்டும். கடிபட்ட வயருக்கு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். சரிசெய்த கையோடு அடியில் எலி வலை போடச் சொல்லுங்கள்.

*விளக்கு எரிகிறது, ஓடவில்லை என்றால்*

முதல் சந்தேகம் சைல்டு லாக். பிள்ளைகளைத் தடுப்பதற்காக வைத்த பூட்டைப் பிள்ளைகளே அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். பேனலில் பூட்டுப் படமோ குழந்தை முகமோ எரியும். எல்ஜி மெஷின்களில் திரையில் 'சிஎல்' என்ற இரண்டு எழுத்து வரும். அதைப் பிழைக் குறியீடு என்று நினைத்து சர்வீஸுக்குப் பதிவு செய்தவர்கள் உண்டு. அந்தப் படம் போட்ட பட்டனை மூன்று, நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் விட்டுவிடும். சில மாடலில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது, தாமதமாகத் தொடங்கும் டைமர். திரையில் 'சில மணி நேரம்' காட்டிக்கொண்டு மெஷின் சும்மா நின்றால், அது உங்கள் வீட்டு வாண்டின் வேலை. பவரை அணைத்துப் போட்டு புரோகிராமைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, கதவு. ஃபிரண்ட் லோடு கதவைத் திறந்து போட்டு அதன்மேல் தொங்குவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. கீல் தொய்ந்தால் கொக்கி ஓட்டைக்கு நேராகப் போகாது. கதவை லேசாக மேலே தூக்கிச் சாத்தும்போது 'டக்' என்று பூட்டினால் கோளாறு கீலில்தான். ஸ்குரூவை இறுக்கிப் பார்க்கலாம். தூக்கிச் சாத்தியும் பூட்டவில்லை என்றால் லாக் மாற்ற வேண்டியிருக்கும். அது மெக்கானிக் வேலை.

அறிகுறி 2: தண்ணீர் ஏறவில்லை

எல்ஜியில் 'ஐஇ', சாம்சங்கில் '4இ' அல்லது '4சி' என்று காட்டுவது இதைத்தான்.

குழாய் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடங்கிக் கிடக்கிறதா, மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், காலை நேர அவசரத்தில் இதுவே பாதி காரணம்.

எல்லாம் சரியாக இருந்தால் குழாயை மூடி, மெஷினின் பின்பக்கம் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் மாட்டுகிற வாயில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். குறடால் மெல்லப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். போர்வெல் மணல், உப்புப் படிவு, டேங்கில் உதிர்ந்த துகள் எல்லாம் அதில்தான் அடைத்து நிற்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். சங்கத்தில் டேங்க் கழுவிய மறுநாள் பல வீட்டு மெஷின்களும் சேர்ந்தாற்போல் நின்றால் இந்த வலையைத் தவிர வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

ஹோஸைக் கழற்றிய கையோடு குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பாதி பக்கெட்கூட நிறையவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை. டேங்குக்கு நேர் கீழே இருக்கிற மேல்மாடி வீடுகளில் இது சகஜம். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குத்தான் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம்; டேங்க் உங்கள் குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். உங்கள் மெஷினுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் டேங்க் ஸ்டாண்டை உயர்த்த வேண்டும் அல்லது பிரஷர் பம்ப் போட வேண்டும். மெஷினுக்குள் தண்ணீரை விடுகிற இன்லெட் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

தண்ணீர் நன்றாக வருகிறது, வலையும் சுத்தம், ஆனாலும் உள்ளே ஏறவில்லை. அப்படியென்றால் மெஷினை ஓட விட்டுப் பின்பக்கம் காது கொடுங்கள். 'உம்ம்' என்ற மெல்லிய சத்தம் மட்டும் வந்தால் இன்லெட் வால்வு சிக்கியிருக்கிறது. அந்தச் சத்தமும் இல்லை என்றால் வால்வின் கம்பிச் சுருளோ (காயில்), மெஷினை இயக்குகிற எலெக்ட்ரானிக் போர்டோ போயிருக்கலாம். இரண்டுக்கும் ஆள் வர வேண்டும். வால்வு மலிவான பாகம்தான், பயப்பட வேண்டாம்.

அறிகுறி 3: தண்ணீர் வெளியே போகவில்லை, கதவும் திறக்கவில்லை

எல்ஜியில் 'ஓஇ'. சாம்சங்கில் '5இ' அல்லது '5சி'. திரையில் அந்த 5, எஸ் எழுத்து போலவே தெரியும். பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும்விட அதிகம் வருவது இந்தக் கோளாறுதான், அதோடு கையாலேயே சரிசெய்யக்கூடியதும்கூட.

கதவைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பூட்டு விடாது, விடவும் கூடாது. தண்ணீர் வடிந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓரிரு நிமிடம் கழித்துத்தான் 'டக்' என்று விடும்.

*ஃபிரண்ட் லோடு*

முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். நாணயத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே ஒரு வட்டத் திருகு. அதுதான் டிரெயின் ஃபில்டர். பல மாடல்களில் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு சின்ன ரப்பர் குழாயும் இருக்கும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை தொடாதீர்கள்.

தாம்பாளம் மாதிரி தட்டையான பாத்திரத்தைக் கீழே வைத்து, முதலில் ரப்பர் குழாயின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். பாத்திரம் நிறைந்தால் அடைப்பை மாட்டி, கொட்டிவிட்டு வந்து மறுபடி. ஒரு பக்கெட்டுக்கு மேலேயே வரலாம். பொறுமை இல்லாமல் ஃபில்டரை நேரடியாகத் திருகினால் அவ்வளவு தண்ணீரும் ஹாலுக்குள் போகும்.

வடிந்ததும் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி வெளியே இழுங்கள். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டு ஃபில்டரில் வழக்கமாகக் கிடைப்பவை: ஒரு ரூபாய் நாணயம், பென்சில் சீவிய சுருள், கம்மல் திருகாணி, ஊக்கு, ஒற்றை பேபி சாக்ஸ், பஞ்சு மாதிரி திரண்ட தலைமுடி, புளியங்கொட்டை. புளியங்கொட்டை யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஃபில்டரைக் கழுவுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பின்னால் ஒரு சின்ன விசிறி தெரியும். அதை ஒரு குச்சியால் தள்ளினால் கொஞ்சம் விட்டு விட்டுத் திரும்ப வேண்டும். நூல் சுற்றியிருந்தால் எடுங்கள். பிறகு ஃபில்டரை நேராக வைத்து முழுக்க இறுக்குங்கள். கோணலாக ஏறினால் அடுத்த துவைப்பில் சொட்டும்.

*டாப் லோடு*

பெரும்பாலான டாப் லோடில் வெளியே தள்ளுகிற பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகத்தான் வடிய வேண்டும். அதனால் ஹோஸ் தரையோடு இருக்க வேண்டும். தொட்டித் திண்டின்மேல் ஏற்றிப் போட்டிருந்தாலோ, ஹோஸின் முனை தரை ஜல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ வடியாது. வருடக் கணக்கில் சேர்ந்த பாசியும் ஹோஸில் அடைத்திருக்கும், கழற்றி அலசுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் போகவில்லை, பம்ப் 'உர்ர்' என்று மட்டும் சொல்கிறது அல்லது ஒன்றுமே சொல்லவில்லை என்றால், பம்ப் (டாப் லோடானால் வடிகாலைத் திறந்துவிடுகிற டிரெயின் மோட்டார்) மாற்ற வேண்டியதுதான். ஆளைக் கூப்பிடுங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டோம் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வந்தவர் அதைத் திறந்து கழுவிவிட்டு வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

*இதற்கு நேர் எதிராக, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிறையவே இல்லை என்றால்:* ஃபிரண்ட் லோடின் வடிகால் ஹோஸ் தரையில் விழுந்திருக்கும். அது சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கீழே கிடந்தால் ஏறுகிற தண்ணீர் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும். தூக்கிக் கட்டுங்கள்.

அறிகுறி 4: ஸ்பின்னில் குதிக்கிறது, அல்லது ஸ்பின்னே ஆகாமல் நேரம் கூடிக்கொண்டே போகிறது

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை ஸ்கூல் பேக், ஒற்றை கால் மிதி, அல்லது எல்லா சாக்ஸையும் விழுங்கி உருண்டையாகிப் போன தலையணை உறை. ஒரே பக்கம் பாரம் விழுந்தால் மெஷின் சுற்றிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்கூல் பேக்கோடு இரண்டு டர்க்கி டவலைப் போட்டால் பாரம் சமமாகும். பையின் ஜிப்பை மூடிப் போடுங்கள்.

துணி சரியாக இருந்தும் குதித்தால், மெஷினின் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் கீழே இருக்கிற கால் திருகை ஏற்றி இறக்கி, நட்டை இறுக்குங்கள். அட்டையை மடித்துச் சொருகுவது இரண்டு நாளைக்குத்தான் தாங்கும்.

புது மெஷினோ, வீடு மாற்றி வந்த மெஷினோ வீடே அதிர்கிற மாதிரி ஆடினால் உடனே நிறுத்துங்கள். ஃபிரண்ட் லோடின் பின்பக்கம், வண்டியில் கொண்டுவரும்போது ட்ரம் ஆடாமல் இருக்க மாட்டிய போக்குவரத்து போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் உள்ளே எல்லாமே ஆட்டம் கண்டுவிடும்.

இவை மூன்றும் இல்லை என்றால் உள்ளே அதிர்வைத் தாங்குகிற டேம்பரோ தொங்கு கம்பியோ போயிருக்கும். மெக்கானிக்.

அறிகுறி 5: சத்தம்

எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

*தண்ணீர் வெளியேறும்போது மட்டும் 'கடகட':* பம்ப்பில் கல்லோ காசோ. மேலே சொன்ன ஃபில்டர் வேலைதான்.

*ட்ரம் மெதுவாகச் சுற்றும்போது 'கிணுகிணு':* ட்ரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே நாணயம் விழுந்திருக்கலாம். முதலில் ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரல் விட்டுத் துழாவுங்கள். ட்ரம் ஓட்டையில் ஹேர்பின் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கெல்லாம் இல்லை என்றால் காசு தானாக ஃபில்டருக்கு வந்து சேரவும் கூடும். சில துவைப்புக்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஆளை வரவழையுங்கள். கூர்மையான பொருள் தொட்டியைக் கிழித்தால் செலவு பல மடங்கு.

*டாப் லோடில் அடியில் இருக்கிற விசிறித் தட்டு 'கரகர':* நடு ஸ்குரூவைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் அடியில் கிளிப்பும் பட்டனும் கிடக்கும். தட்டு எளிதாக வராவிட்டால் நெம்பி உடைத்துவிடாதீர்கள்.

*மோட்டார் ஓடுகிற சத்தம் இருக்கிறது, ட்ரம் சுற்றவில்லை:* பெல்ட் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். பெல்ட் இல்லாத மாடலும் உண்டு. எதுவானாலும் பின் மூடியைத் திறக்க வேண்டிய வேலை, தெரிந்தவர் செய்யட்டும்.

*ஸ்பின் வேகம் ஏற ஏற உறுமல் கூடுகிறது:* காலி ட்ரம்மின் உதட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ரப்பர் வளையத்தோடு சேர்ந்து மொத்தமும் அசைந்தால் பரவாயில்லை. ட்ரம் மட்டும் தனியாக 'லொடக்' என்று ஆடினால், ட்ரம்மைத் தாங்கிச் சுழல விடுகிற பேரிங் போய்விட்டது. வாஷிங் மெஷினில் வருகிற பெரிய செலவுகளில் இது ஒன்று. சில மாடலில் தொட்டியை ஒட்டி மூடியிருப்பார்கள், பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, தொட்டியோடு மாற்றச் சொல்வார்கள்.

அறிகுறி 6: துணியெல்லாம் கொழகொழவென்று ஜெல்லி

கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு முறையாவது நடந்தே தீரும்: அழுக்குத் துணியோடு ஒரு டிஸ்போசபிள் டயப்பர் உள்ளே போய்விடும். கதவைத் திறந்தால் வெந்த சவ்வரிசியைக் கொட்டிய மாதிரி இருக்கும். மெஷின் கெட்டுவிடவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுபடி ரின்ஸ் போடாதீர்கள். அந்தத் துகள் தண்ணீரைக் குடித்து உப்பக்கூடியது, தண்ணீர் விட விட இன்னும் பெருகும். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய செய்தித்தாள்மேல் உதறி, அப்படியே வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்த பிறகு அது மணல்போல ஆகிவிடும், நன்றாக உதறினால் உதிர்ந்துவிடும். பாத்ரூமில் வைத்து அலசினால் வடிகால் அடைக்கும்.

ட்ரம்மில் ஒட்டியிருப்பதைக் காய்ந்த துணியால் வழித்தெடுங்கள். ரப்பர் வளைய மடிப்பை மறக்காதீர்கள். மிச்சம் மீதி இருக்கிற இடத்தில் இரண்டு கைப்பிடி உப்பைத் தூவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். உப்புப் பட்டால் ஜெல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். பிறகு காலி மெஷினை ஒரு ரின்ஸ் ஓட்டி, உடனே டிரெயின் ஃபில்டரைத் திறந்து கழுவுங்கள். கடைசியாக, உதறிய துணிகளை ஒரு முறை துவையுங்கள். இதற்கு ஆள் தேவையில்லை. ஃபில்டரைக் கழுவிய பிறகும் தண்ணீர் மெதுவாகத்தான் போகிறது என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: நுரை, வெள்ளைத் திட்டு, நாற்றம்

நுரை கண்ணாடிவரை ஏறினால் கைத்துவைப்புப் பவுடர் போட்டிருப்பீர்கள், அல்லது "நான் போடுறேன்மா" என்று யாரோ உதவி செய்திருப்பார்கள். ரின்ஸ் மட்டும் ஒன்றிரண்டு முறை ஓட்டுங்கள்.

கறுப்பு, நீலத் துணியில் வெள்ளைத் திட்டு படிந்தால் பவுடர் கரையவில்லை அல்லது தண்ணீரில் உப்பு அதிகம். போர்வெல் தண்ணீர் வீடுகளில் ஹீட்டர்மேலும் இதே உப்புத்தான் படியும். கடையில் கிடைக்கிற, உப்புப் படிவைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடரைக் காலி மெஷினில் போட்டு, பாக்கெட்டில் சொன்னபடி ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை வரும்.

நாற்றம் என்றால், இரவு போட்ட துணி காலைவரை உள்ளேயே கிடந்ததா என்று முதலில் கேளுங்கள். பிறகு சோப்புப் பெட்டியை முழுக்க இழுத்துக் கழுவுங்கள், ரப்பர் மடிப்பைத் துடையுங்கள், தொட்டியைச் சுத்தம் செய்கிற 'டப் கிளீன்' புரோகிராமை ஓட்டுங்கள். துவைத்ததும் கதவைத் திறந்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஆபத்து. ட்ரம்முக்குள் ஏறி மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்த விபத்துகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. மெஷின் இருக்கிற அறையைத் தாழ் போட முடிந்தால் மட்டும் திறந்து வையுங்கள். முடியாவிட்டால் நன்றாகத் துடைத்து மூடிவிடுங்கள். கொஞ்சம் வாசனை வந்தால் வரட்டும். டாப் லோடு பக்கத்தில் ஸ்டூலோ கவிழ்த்த பக்கெட்டோ இருக்கக் கூடாது.

அறிகுறி 8: தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது மெயின் டிரிப் ஆகிறது

இங்கே சோதனை, கீதனை எதுவும் வேண்டாம். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு ஓடி வந்து மெஷினைத் தொடுகிறவர்கள் அவர்கள்தான்.

முதலில் வர வேண்டியவர் எலெக்ட்ரீஷியன். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் உள்ள மெஷின் சுமார் 2,000 வாட் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதற்குத் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். வீட்டு வயரிங் சரி என்று அவர் சொன்ன பிறகு மெஷின் மெக்கானிக்கை அழையுங்கள். சுடுதண்ணீர் புரோகிராமில் மட்டும்தான் டிரிப் ஆனது, குளிர்ந்த தண்ணீரில் ஆகவில்லை என்பது உங்கள் நினைவில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் நேராக ஹீட்டரைப் பார்ப்பார்.

ஆளைக் கூப்பிடும்போது

நம்பரை வாரன்டி கார்டிலிருந்தோ மெஷினில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருகிற 'கஸ்டமர் கேர்' நம்பர்களில் மோசடி அதிகம். சர்வீஸுக்குப் பதிவு செய்ய ஓடிபி, கார்டு விவரம், பத்து ரூபாய் முன்பணம் என்று கேட்டால் வைத்துவிடுங்கள்.

'போர்டு போச்சு' என்று ஒருவர் சொன்னால், போர்டுக்குப் போகிற வயர்களும் பின்களும் சரியாக இருக்கின்றனவா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த ஒற்றை வயருக்குப் போர்டையே மாற்றுவதும் நடக்கிறது. போர்டு, பேரிங், கியர் பாக்ஸ் இந்த மூன்றில் ஒன்றுக்கு, புது மெஷின் விலையில் பாதியை எட்டுகிற மதிப்பீடு வந்தால், வாரன்டியும் முடிந்திருந்தால், நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். அதற்குக் கீழே என்றால் மாற்றலாம். மாற்றிய பழைய பாகத்தையும், புதுப் பாகத்துக்கு எத்தனை மாத வாரன்டி என்று எழுதிய பில்லையும் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.